சம்பளச் சீட்டில் ‘ட்ரிப் காசு’ என்ன பெயரில் இருக்கிறது? லோரி ஓட்டுநர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் – பினாங்குத் தீவின் சந்தைக்கு வரும் காய்கறி, கடைக்கு வரும் அரிசி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருந்து வெளியேறும் மின்னணுப் பொருள்கள் எல்லாம் ஏதாவது ஒரு கட்டத்தில் லோரி ஏறித்தான் ஆக வேண்டும். அந்த லோரிகளின் ஓட்டுநர் இருக்கையில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் நெடுந்தூர லோரி ஓட்டும் அப்பாவோ அண்ணனோ மாமாவோ இல்லாத குடியிருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசினால் பேச்சு பெரும்பாலும் விபத்தில் போய் முடியும். ஓட்டுநரின் தூக்கத்தையும் அவர் குடும்பத்தின் பாதுகாப்பையும் சேர்த்துத் தீர்மானிக்கும் சம்பளச் சீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ‘ட்ரிப் காசு’ எவ்வளவு, அந்த ட்ரிப் காசு எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு ஓட்டுநரும் அவர் வீட்டாரும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இருந்து நெடுஞ்சாலைக்கு

பினாங்கின் சரக்குத் துறைமுகம் ஒரு காலத்தில் ஜோர்ஜ்டவுன் கரையோரமாகவே இயங்கியது. வெல்ட் கீ பகுதியில் மூட்டை சுமந்தவர்களிலும் மாட்டு வண்டி ஓட்டியவர்களிலும் தமிழர்கள் பலர். பின்னர் சரக்கு வேலை கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. இன்று கொள்கலன்கள் ஏறி இறங்குவது வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில். ஜோர்ஜ்டவுனின் ஸ்வெட்டன்ஹம் துறைக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டு, புக்கிட் காயு ஹித்தாமில் இருந்து ஜொகூர் பாரு வரை ஒரே சாலையில் போக முடிந்தது. 2014இல் பத்து கவானில் இருந்து தீவுக்கு இரண்டாவது பாலம் வந்தது. அந்தப் பத்து கவானே முன்பு தோட்டப் பகுதி, இப்போது தொழிற்பேட்டை. தோட்டங்கள் கைமாறி வேலை குறைந்தபோது, தோட்டத்து டிராக்டரிலும் செம்பனைக் குலை லோரியிலும் ஓட்டப் பழகியவர்கள் பலர் கனரக உரிமம் எடுத்து நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். பெரிய படிப்பு கேட்காத, ஆனால் தோட்டச் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்த வேலை இது.

ட்ரிப் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

பல நிறுவனங்களில் ஓட்டுநரின் வருமானம் இரண்டு பகுதிகளாக வருகிறது. ஒன்று, மாத அடிப்படைச் சம்பளம். மற்றொன்று, போய் வரும் ஒவ்வொரு பயணத்திற்கும் கிடைக்கும் ட்ரிப் காசு. அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் ட்ரிப் காசு பெரியதாகவும் இருப்பது வழக்கம். சில இடங்களில் அடிப்படைச் சம்பளமே கிடையாது, முழுவதும் ட்ரிப்தான்.

இந்த முறையில் லோரி ஓடினால்தான் காசு. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்திற்கும், கிடங்கில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்திற்கும் பல முதலாளிகள் எதுவும் தருவதில்லை. நெரிசல் நேரத் தடை, பெருநாள் காலத்தில் கனரக வாகனங்களுக்கு விதிக்கப்படும் தடை ஆகியவற்றாலும் ட்ரிப் குறைகிறது. இழந்த நேரத்தை ஓட்டுநர் எங்கிருந்து ஈடு செய்வார்? தூக்கத்தில் இருந்துதான்.

ஒரு சாதாரணக் கணக்கைப் பார்ப்போம். பட்டர்வொர்த்தில் இருந்து கிள்ளான் துறைமுகம் சுமார் 370 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் போக ஐந்து மணி நேரத்திற்கு மேல், திரும்பி வர இன்னொரு ஐந்து மணி நேரத்திற்கு மேல். ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட 14 மணி நேரம் ஆகிவிடும். சாப்பாடும் ஓய்வும் இதில் சேரவில்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்று ட்ரிப் அட்டவணை போடப்பட்டால், ஓட்டுநர் சட்டம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டித்தான் அதை முடிக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அதன்படி வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். மிகைநேர வேலையையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரம் மாதத்திற்கு 104 மணிக்கு மேல் போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு.

‘நான் காத்துக்கொண்டுதானே இருந்தேன், அது வேலை நேரமா?’ என்று பலர் நினைக்கிறார்கள். வேலை நேரம் என்றால் என்ன என்பதைச் சட்டமே விளக்குகிறது: தொழிலாளி முதலாளியின் தேவைக்காகக் காத்திருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் வேலை நேரமே. கொள்கலனோடு துறைமுக வாசலில் நிற்கும் ஓட்டுநர் லோரியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே ஸ்டீயரிங்கைப் பிடித்த நேரத்தை மட்டும் எண்ணுவது சரியான கணக்கு ஆகாது.

குறைந்தபட்சச் சம்பளத்திலும் இதே போன்ற ஒரு குழப்பம் உண்டு. ‘ட்ரிப் முறையில் ஓட்டுபவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது’ என்று சொல்லப்படுவதைக் கேட்கலாம். அது தவறு. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பள ஆணை, ட்ரிப், கமிஷன், டன் கணக்கில் சம்பளம் பெறுபவர்களையும் பெயர் சொல்லியே உட்படுத்துகிறது. ட்ரிப் குறைந்த மாதத்திலும் அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது.

வேகத்திற்குக் கட்டுப்பாடு வந்தது, நேரத்திற்கு?

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்த விபத்தை நம் சமூகம் மறந்திருக்காது. சித்ரா பௌர்ணமி ஊர்வலத்தின் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸாரின் வாகனமும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதியதில் 9 போலீஸார் உயிரிழந்தனர். அந்த லோரி அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகச் சுமை ஏற்றியிருந்ததையும், அதன் ஸ்டீயரிங்கில் கோளாறு இருந்ததையும் போக்குவரத்து அமைச்சின் சிறப்புக் குழு சுட்டிக்காட்டியது. அடுத்த மாதமே கெரிக் சாலையில் பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள்.

இவற்றிற்குப் பிறகு கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் நடவடிக்கை 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகத் தொடங்கியது. கருவி வாகனத்தின் வேகத்தை மணிக்கு 90 கிலோமீட்டருக்குள் நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 90 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு விநாடிக்கு 25 மீட்டர். நான்கே விநாடி கண் அயர்ந்தால், லோரி ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தை யாருடைய கட்டுப்பாடும் இல்லாமல் கடந்துவிடும். கருவிக்கு வேகம் தெரியும். ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்பது தெரியாது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்பதையும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். இந்த நேரங்களை லோரியில் பொருத்தப்பட்ட பதிவுக் கருவியே குறித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 11 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது. அங்கும் மின்னணுப் பதிவு உண்டு. ஐரோப்பிய விதிமுறை சம்பளத்தையும் தொடுகிறது. ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்துத் தரும் பணம் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் இருந்தால், அப்படிச் சம்பளம் தருவதையே அது தடை செய்கிறது. சம்பள முறையும் பிரேக், டயர் போலப் பாதுகாப்பு சார்ந்த விஷயம்தான் என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இங்கே ஒரு விபத்து நடந்தால் முதலில் குற்றக் கூண்டில் நிற்பவர் ஓட்டுநர். அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. ‘தவுக்கே அவசரப்படுத்தினார்’ என்று அங்கே வாயால் சொல்வது மட்டும் போதாது. கையில் ஆதாரம் வேண்டும்.

ஒரு பெயரால் வரும் நட்டம்

சங்க காலத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு மேடு பள்ளம் தாண்டி நெடுந்தூரம் போன உமணர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை அது. இன்றைய ஓட்டுநருக்கு அந்த மாற்று அச்சு, சொக்சோவும் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியும். வண்டியின் அடியில் அது உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் சம்பளச் சீட்டு காட்டும்.

சொக்சோ சந்தா கணக்கிடும்போது மிகைநேரச் சம்பளம், கமிஷன், பெரும்பாலான அலவன்ஸ்கள் எல்லாம் சம்பளமாகவே எடுத்துக்கொள்ளப்படும். பயண அலவன்ஸ் சேராது. இபிஎஃப் கணக்கில் கமிஷன் சேரும். மிகைநேரச் சம்பளமும் பயண அலவன்ஸும் சேராது. லோரியை ஓட்டியதற்காகத் தரப்படும் ட்ரிப் காசு ஓட்டுநரின் உழைப்புக்கான கூலி. அதைச் சீட்டில் ‘பயண அலவன்ஸ்’ என்று எழுதிவிட்டாலோ, சீட்டே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டாலோ, அந்தத் தொகை இரண்டு நிதிகளின் கணக்கிலும் வராமல் போய்விடும். டோல், டீசல், வழிச் செலவுக்காகக் கொடுக்கும் பணம் வேறு. அது சம்பளம் அல்ல.

இந்தப் பெயர் மாற்றத்தால் எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஓட்டுநருக்கு அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், ட்ரிப் காசு 2,300 ரிங்கிட், மொத்தம் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி 1,700 ரிங்கிட்டுக்கு மட்டுமே சந்தா கட்டுகிறார்.

வேலையில் காயப்பட்டு மருத்துவ விடுப்பில் இருப்பவருக்குச் சொக்சோ சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. 1,700 ரிங்கிட் கணக்கில் அது மாதம் ஏறத்தாழ 1,360 ரிங்கிட். முழுச் சம்பளத்திற்கும் சந்தா கட்டியிருந்தால் 3,200 ரிங்கிட்.

வேலையின்போது விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 90 விழுக்காடு மாதாமாதம் கிடைக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை கிடைக்கும். முதல் பட்டப் படிப்பில் இருந்தால் அது முடியும் வரை. 1,700 ரிங்கிட் கணக்கில் மொத்தம் ஏறத்தாழ 1,530 ரிங்கிட். 4,000 ரிங்கிட் கணக்கில் 3,600 ரிங்கிட். வித்தியாசம் மாதம் 2,070 ரிங்கிட்.

இவ்வளவு வித்தியாசத்திற்கும் கூடுதல் சந்தா எவ்வளவு? முதலாளி தரப்பில் மாதம் சுமார் 40 ரிங்கிட். தொழிலாளி தரப்பில் சுமார் 12 ரிங்கிட். அவ்வளவுதான்.

இபிஎஃப் கணக்கும் அப்படியே. 60 வயதுக்கு உட்பட்ட, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் செலுத்த வேண்டும். 1,700 ரிங்கிட்டுக்கு மாதம் 408 ரிங்கிட். 4,000 ரிங்கிட்டுக்கு 960 ரிங்கிட். பத்து ஆண்டில் இந்த வித்தியாசம் லாபப் பங்கு இல்லாமலே 66,000 ரிங்கிட்டைத் தாண்டும். ‘பிடித்தம் வேண்டாம், முழுக் காசும் கையில் கொடுங்கள்’ என்று சில ஓட்டுநர்களே கேட்பதுண்டு. வாடகையும் கார் தவணையும் நெருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் கையில் கூடுதலாக வருவது சுமார் 265 ரிங்கிட். முதலாளியின் பங்காக இழப்பது அதைவிட அதிகம்.

‘நீ கான்ட்ராக்டர்’ என்று சொன்னால்?

‘நீ என் தொழிலாளி இல்லை, கான்ட்ராக்டர், அதனால் சொக்சோ, இபிஎஃப் கிடையாது’ என்று சொல்லப்படும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். 2023இல் வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 101சி பிரிவு இவர்களுக்கு முக்கியமானது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை செய்யும் முறையையோ நேரத்தையோ ஒருவர் கட்டுப்படுத்தினால், வேலைக்கான கருவியை அவரே கொடுத்தால், அந்த வேலை அவருடைய தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், வேலை செய்பவர் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். லோரி முதலாளியுடையது, எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் அவரே என்றால், ‘கான்ட்ராக்டர்’ என்ற வார்த்தையை நிரூபிக்க வேண்டிய சுமை அவருடையது. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே சொந்த லோரி வைத்து ஓட்டுபவர்களும் பாதுகாப்பு இல்லாமல் இருக்கத் தேவையில்லை. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் தாங்களாகவே பதிந்து சந்தா கட்டலாம். சரக்குப் போக்குவரத்தும் அதில் அடங்கும்.

உடம்பும் ஒரு வாகனம்தான்

லோரியைப் புஸ்பாகோம் சோதனைக்கு அனுப்புகிறோம். ஓட்டுபவரின் உடம்பை யார் சோதிப்பது? 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகம். நேரம் தவறிய சாப்பாடு, தே தாரேக்கும் குளிர்பானமும் துணையான இரவுகள், பல மணி நேரம் உட்கார்ந்தே இருப்பது என எல்லாம் நீரிழிவுக்குச் சாதகமானவை. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சாப்பிடாமல் ஓட்டினால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரக்கூடும். பலத்த குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கலாம். இதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிக்க முடியும்.

சொக்சோ 40 வயதைக் கடந்த சந்தாதாரர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தை 2013இல் தொடங்கியது. தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. விழித்திருப்பதற்காக ஷாபு போன்ற போதைப் பொருளைத் தொடுவது தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. சிறுநீர்ச் சோதனையில் சிக்கினால் உரிமத்தோடு தொழிலும் போய்விடும்.

இன்றே செய்யக்கூடியவை

ஒன்று, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், துறைமுகத்திலும் கிடங்கிலும் காத்திருந்த நேரம், ட்ரிப் காசு ஆகியவற்றைத் தினமும் எழுதுங்கள். டோல் ரசீது, சரக்குச் சீட்டு, முதலாளி அனுப்பும் வாட்ஸ்அப் தகவல் ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை தொழிலாளர் இலாகாவிலோ நீதிமன்றத்திலோ பேசப்போவது இவைதான்.

இரண்டு, ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. சீட்டில் உள்ள தொகையும் இபிஎஃப் ஐ-அக்கவுன் செயலியில் தெரியும் தொகையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். செயலி பழக்கம் இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் உதவலாம். இபிஎஃப் வாரிசுப் பெயர் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்று, விபத்து நேர்ந்தால் போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்காக ஓட்டும்போது நடக்கும் விபத்து மட்டும் அல்ல, வீட்டில் இருந்து வேலை இடத்திற்குப் போய் வரும் வழியில் நடப்பதும் இந்தப் பாதுகாப்பில் அடங்கும். முதலாளி தாமதித்தால் குடும்பத்தார் நேராகச் சொக்சோ அலுவலகத்திற்குப் போகலாம்.

நான்கு, சம்பளத்தில் சிக்கல் என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘வொர்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவும் புகாரைப் பதியலாம். தனியாகப் போகத் தயங்குபவர்கள், அதே நிறுவனத்தில் ஓட்டும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் தைரியமும் வரும், ஆதாரமும் வலுக்கும்.

வேலையை இழந்துவிடுவோமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால் முதலாளியிடம் முதல் நாளே சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ‘ட்ரிப் காசைச் சீட்டில் கமிஷன் என்று போட்டுச் சந்தா கட்டுங்கள்’ என்று பணிவாகவே கேட்கலாம். அவருக்கும் இதில் நன்மை உண்டு: தணிக்கையில் பிடிபட்டால் நிலுவையோடு அபராதமும் அவர்தான் கட்ட வேண்டும்.

அப்பா லோரி ஓட்டும் வீடுகளில் இந்த மாதச் சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ட்ரிப் காசு எந்த வரியில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லை என்றால், அதைப் பற்றி அப்பாவிடம் இன்றே பேசிவிடுவது நல்லது.